அவனுக்கும் ஒரு பரிசோதனை

உலையின் மூடி திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. உலைக்காரன் ஒதுங்கவில்லை. உருகிய இரும்பைக் கிளறுவதும் கசடை வழிப்பதும்தான் அவன் வேலை. அவனுடைய ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியாயிற்று. கூட வேலை செய்தவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். அவன் அடுத்த ஷிப்டுக்கும் நின்றான்.

"டேய், உன்னையும் சேர்த்து உருக்கி அச்சுல ஊத்திடப் போறாங்க. வீட்டுக்குப் போடா," என்று மேலேயிருந்து கத்தினான் கிரேன்காரன்.

"போனா ஊசிக்குக் காசு யாருடா குடுப்பா? உன் மாமனாரா?"

கல்யாணமாகிப் பல வருடமாயிற்று, குழந்தை இல்லை. மனைவிக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அவளே அடிவயிற்றைப் பிடித்து ஊசி போட்டுக்கொள்வாள். வயிறெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி லீவு போட்டதில் அவள் பார்த்த பேக்கிங் வேலையும் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த அவனுடைய அக்கா, வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போவாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இந்தக் குறை கிடையாது. எங்கேர்ந்து வந்துச்சோ!"

வைத்தியம் தொடங்கிய புதிதில் கிளினிக்கில் அவனையும் வரச் சொன்னார்கள். மனைவி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எனக்கென்னடி குறை? கொதிக்கிற இரும்போட மல்லுக்கட்டுறவன் நான். வேற இடத்துல பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடு."

அவள் அப்படியே சொன்னாள். டெஸ்ட் காகிதம் எங்கே என்று கிளினிக்கிலும் கேட்கவில்லை. ஊசியை எழுதிக் கொடுத்தார்கள், வருகிற பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனியின் இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று அவன் ஆபீஸில் கேட்டிருக்கிறான். "கை நசுங்கினா குடுப்பாங்க, கால் ஒடிஞ்சா குடுப்பாங்க. குழந்தை இல்லாதது அவங்க கணக்குல நோயே இல்லண்ணே," என்று சொல்லியிருந்தாள் ஆபீஸ் கிளார்க். அதனால்தான் இந்த இரட்டை ஷிப்ட்.

இந்த வருடம் கம்பெனி இன்சூரன்ஸை மாற்றியது. கிளார்க் அவனைத் தேடிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அதிர்ஷ்டம்! இதுல குழந்தை வைத்தியத்துக்குப் பாதிச் செலவு தர்றாங்க. அவங்க சொல்ற ஆஸ்பத்திரிக்குப் போகணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கணும். ஒருத்தருக்கு எடுக்கலன்னாலும் காசு வராது."

மறுநாள் காலையிலேயே அவன் மனைவியை அழைத்துக்கொண்டு புது ஆஸ்பத்திரியில் போய் நின்றான். மனைவியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை அவன் கையில் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்கள். வெட்கத்தில் காது சுட்டது. சீக்கிரமே வேலை முடிந்துவிட்டது. "ப்பூ, இவ்வளவுதானா?" என்று மனைவியிடம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, முடிவு கேட்கப் போனார்கள். டாக்டரம்மா அவனுக்கு மட்டும் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். அதன் முடிவும் வந்த பிறகுதான் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான் விந்தணு ரொம்பக் கம்மி."

"மெஷின்ல கோளாறா இருக்கும் டாக்டர்."

"அதுக்குத்தான் ரெண்டு தடவை பார்த்தோம். நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"உலைக்கு முன்னாடி நிப்பேன். வைத்தியச் செலவுக்காகக் கொஞ்ச காலமா ரெட்டை ஷிப்ட்," என்றான், சற்றுப் பெருமையாகவே.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அந்த வெக்கை ஒரு காரணமா இருக்கலாம். நின்ன நேரம் கூடக் கூடப் பாதிப்பும் கூடியிருக்கலாம். வேற பிரிவுக்கு மாத்திக் கேளுங்க. சில மாசம் தள்ளி மறுபடி பார்ப்போம். தேறினவங்க நிறைய பேர் இருக்காங்க."

"அப்போ இவளுக்குப் போட்ட ஊசியெல்லாம்?"

"அதெல்லாம் இவங்களுக்குத் தேவையே இருந்திருக்காது."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். எந்த ஊசிக்காக உலை முன்னால் நின்று வெந்தானோ அந்த ஊசியே வேண்டியிருக்கவில்லை. நின்று வெந்ததுதான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது. மனைவி அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"என் வயிறு இப்படிப் புண்ணாகிக் கிடந்தப்ப, எனக்காக ஒரு நாள் வந்தீங்களா? இன்சூரன்ஸ்காரன் காசு தர்றேன்னதும் விடியறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. எனக்கு அந்தக் காசு அளவுக்குக்கூட மதிப்பில்லையா?"

உலையின் வெக்கை அவனை ஒரு நாளும் இப்படிச் சுட்டதில்லை.

போன் அடித்தது. அக்கா. "என்னடா சொன்னாங்க? அவளுக்கு இன்னும் என்னென்ன குறையாம்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா. குறை எனக்கு."

"ஐயையோ, மெதுவாப் பேசுடா! நாலு பேர் காதுல விழப்போகுது."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். பெஞ்சு முழுக்கப் பெண்கள். மடியில் ஆஸ்பத்திரிப் பை. ஒருத்தி பக்கத்திலும் ஓர் ஆண் இல்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழட்டும்க்கா! குழந்தை இல்லன்னா முதல் நாளே ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும். ஆம்பள செய்ய வேண்டியது வெக்கத்தை விட்டுட்டு ஒரு டப்பாவைக் கையில வாங்குறது, அவ்வளவுதான். அதைச் செய்யாம என் பொண்டாட்டி உடம்பை நான் சல்லடையாக்கிட்டேன். இனிமே அவளை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

பெஞ்சின் கடைசியில் இருந்த பெண் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? வேலை கிடக்கட்டும். உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஆமா, நீங்கதான்."