மர்ஃபி தூங்கும் விதம்

மர்ஃபியைக் கொண்டுவந்த அன்று, வாசலைத் தாண்டுவதற்கு முன்பே கிளெண்டா விஷயத்துக்கு வந்துவிட்டாள். கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் குழுவில் பல வருடங்களாக இருப்பவள். அவளிடம் சுற்றி வளைத்த பேச்சு கிடையாது.

"இவன் பந்தயத்துல ஓடின கிரேஹவுண்டு நாய். இத்தன வருஷமும் கூண்டுல தனியாத் தூங்கியிருக்கான். தூக்கத்துல இவன யாரும் தொட்டதே இல்ல. தொட்டா, கனவுலயிருந்து கடிச்சுக்கிட்டே எழுந்திருப்பான். தள்ளி நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. தலையத் தூக்கின பிறகு கிட்டப் போங்க. டெஸ், புரியுதாப்பா?"

என் தம்பி டெஸ் தலையாட்டினான். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன், நாற்பதைத் தாண்டிவிட்டான். நீளமான விதிகள் அவனிடம் நிற்காது. குட்டையாகச் சொன்னால் ஒருபோதும் மறக்க மாட்டான். அதனால் கிளெண்டா போன பிறகு அவள் சொன்னதைச் சுருக்கிக் கொடுத்தேன்.

"கண்ணு மூடியிருந்தா மர்ஃபியத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"கண்ணு மூடியிருந்தா தொடக் கூடாது," என்றான் டெஸ். அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தான். பிப்பாவிடமும் சொன்னான். பிப்பா எங்கள் கிழட்டு டெரியர் நாய், அதே குழுவிலிருந்து முதலில் வந்தவள். அம்மா இறந்த பிறகு லான்செஸ்டன் நகரில் ஒரு பராமரிப்பு விடுதியில் இருந்த டெஸ்ஸை நான் பர்னியில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவன் பேச்சையே ஏறக்குறைய விட்டிருந்தான். முதலில் பிப்பாவிடம்தான் பேசத் தொடங்கினான். என்னிடம் பேசியது அதற்குப் பிறகு.

மர்ஃபிக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் மோதினான். கெட்டில் கொதித்தால் மேசைக்கடியில் ஒளிந்தான். படிக்கட்டின் முன்னால் நின்று நடுங்கினான். டெஸ் மண்டியிட்டு, அவன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்துப் பழக்கினான்.

"படிதான்டா மர்ஃபி. பேய் இல்ல. நீ ஓடித்தானே ஜெயிச்ச, ஏறத் தெரியாதா?"

"அவன் ஒரு தடவகூட ஜெயிக்கல டெஸ். அதனாலதான் நம்மகிட்ட வந்தான்," என்றேன்.

"சத்தமாச் சொல்லாத நரெல். அவனுக்குத் தெரியாது."

தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டெஸ் குனிந்து அவன் முகத்தைப் பார்ப்பான். கண் மூடியிருந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிப்போவான்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. தொலைக்காட்சியில் ஃபுட்டி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மர்ஃபி சோபாவில் நான்கு கால்களையும் மேலே தூக்கி மல்லாந்து கிடந்தான். எங்கள் அணி கோல் அடித்ததை அவன் காதில் சொல்ல டெஸ் குனிந்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். அடுத்து நான் கேட்டது டெஸ்ஸின் குரல் இல்லை. மர்ஃபியின் அலறல். டெஸ் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் நின்றிருந்தான், விரலிடுக்கில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிக்கும்வரை டெஸ் அழவில்லை. காரில் ஏறியதும் சொன்னான்: "கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"பார்த்திருப்ப டெஸ்."

"பார்த்தேன்."

நான் வேலைக்குப் போகும் நாட்களில் டெஸ்ஸைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனத்திலிருந்து, செய்தி தெரிந்து, மறுநாள் ஒரு பெண் அழைத்தாள். கனிவாகத்தான் பேசினாள். முகத்தில் கடித்த நாய் இருக்கும் வீட்டுக்கு அவர்கள் ஆள் அனுப்ப மாட்டார்கள். ஆள் வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீட்டு வாடகை இல்லை. டெஸ் அந்த விடுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் போனை வைப்பதற்குள்ளேயே யோசித்து முடித்திருந்தேன். என்னை உறுத்தியது அதுதான். ஓர் உயிரைப் பற்றிய முடிவுக்கு நான் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கிளெண்டா வந்தாள். துணி துவைக்கும் அறையில் ஒடுங்கிக் கிடந்த மர்ஃபியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வேற வீடு?" என்று கேட்டேன்.

"முகத்துல கடிச்சவன யாருக்கும் குடுக்க முடியாது நரெல். என் வீட்டுல இடம் இருந்தா நானே எடுத்துக்கிட்டுப் போயிருவேன். ஏற்கெனவே நாய்ங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு." மர்ஃபியின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "இவன் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவான். இந்த வகையில நெறைய அப்படித்தான். அதனாலதான் தலையத் தூக்கட்டும்னு சொன்னேன்."

டெஸ் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

"அப்போ நான் தப்பு பண்ணல," என்றான்.

"இல்லப்பா," என்றாள் கிளெண்டா.

"மர்ஃபியும் தப்பு பண்ணல. தூங்கினான்."

"ஆமா."

"அப்போ விதிதான் தப்பு." தைத்த உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினான். "விதி போட்டது யாரு?"

கிளெண்டா மர்ஃபியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் டெஸ்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கணக்கு நேராகாதபோது அவன் முகம் அப்படி இருக்கும்.

"அப்போ மர்ஃபிய ஏன் கூட்டிட்டுப் போறாங்க?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. வாடகை, வேலை, விடுதி என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இங்கே இருப்பதற்காக அவன் போகிறான் என்பதை எந்தச் சொற்களில் போட்டாலும், அதை வாழ்நாள் முழுவதும் அவன்தான் சுமக்க வேண்டும். அவன் பிப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான்.

கால்நடை மருத்துவரிடம் நானும் போனேன். மர்ஃபி காரில் என் தோளில் தலையைச் சாய்த்து நின்றபடி வந்தான். அங்கே வாசலில் ஏழெட்டுப் படிகள் இருந்தன. அவன் தயங்காமல் ஏறினான். கிளெண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கடைசி ஊசியைப் போடும்போது நான் தள்ளி நிற்கவில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விரைவில் முடிந்துவிட்டது.

டெஸ் இப்போது நன்றாகப் பேசுகிறான், விடுதிக்கும் போகவில்லை. பிப்பா அவன் கட்டிலில் தூங்குகிறாள். நிறுவனத்திலிருந்து வரும் ட்ரெண்ட் அவனோடு கடற்கரைக்கு நடந்து போகிறான்.

ஒரு மாலை டெஸ்ஸுக்குச் சூடான பாலில் மைலோ கலந்து கொடுத்தேன்.

"ஆறிடுச்சு, குடி," என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகே குடித்தான். சாலையைக் கடக்கும்போதும் இப்போதெல்லாம் அப்படித்தான். "வா, வண்டி இல்ல," என்று நான் சொன்னாலும் நின்று இருபுறமும் தானே பார்த்துவிட்டு வருகிறான்.

"கவனிச்சீங்களா நரெல்? எல்லாத்தையும் அவனே சரிபார்க்கிறான். பெரிய முன்னேற்றம்," என்றான் ட்ரெண்ட்.

"ஆமா, கவனிச்சேன்," என்றேன்.