சாம்பிள் டம்ளர்

2004 சித்திரையில் திருப்பூர் ராயபுரம் தங்கதுரை வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்த ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தை, முந்தின வருடம் இறந்துபோன முனீஸ் வந்து குடித்துவிட்டுப் போனான். அதே வாரம் நூல் விலை ஏறிவிட்டதால் ஊரில் யாரும் சர்பத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த டம்ளர் ஜன்னலுக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். தங்கதுரைக்குச் சாயப்பட்டறையும் அதையொட்டி ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியும் இருந்தன. ஆர்டர் பேச ஒவ்வொரு சித்திரை வெயிலிலும் டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்கும் பையர் ஒருவர் வருவார். ஓட்டல் பானங்களுக்கு முகம் சுளித்த அந்த மனிதர், தங்கதுரையின் மனைவி சுபஸ்ரீ ஒருமுறை வீட்டில் கலந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு ஆர்டரை இரட்டிப்பாக்கினார். அதிலிருந்து அந்த வீட்டுக் கோடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. நுங்கை மசித்து இளநீரில் விட்டு இஞ்சிச்சாறு சேர்ப்பாள். மாங்காயைச் சுட்டு வெல்லத்தோடு கரைப்பாள். நன்னாரியில் எலுமிச்சையும் கசக்கிய புதினாவும் போட்டுக் கடைசியில் சோடா ஊற்றுவாள். ஐஸ் கட்டியைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி உலக்கையால் நொறுக்குவாள். பையர் கொண்டுவரும் ஜின் பாட்டில் பங்காளிகள் கண்ணில் படாமல் பரணில் இருக்கும். அதை எடுத்து ஊற்றுவது மட்டும் தங்கதுரையின் பொறுப்பு. அவிநாசியில் நிட்டிங் ஓட்டும் குடும்பத்தில் பிறந்த சுபஸ்ரீக்கு, சாம்பிள் ஓகே ஆகாமல் மொத்தச் சரக்கான பல்க்குக்குப் போகக் கூடாது என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே பாடம். சமையலறையிலும் அதே சட்டம்தான். எதைக் கலந்தாலும் முதலில் ஒரு டம்ளர் சாம்பிள் எடுத்து ஜன்னலில் வைப்பாள். கம்பெனியிலிருந்து வரும் தங்கதுரை குடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஜாடிக்குக் கலப்பாள். அப்படி வைத்த டம்ளர்தான் அன்று காலியாக இருந்தது, விளிம்பில் நீலமாக ஓர் உதட்டுத் தடத்தோடு.

அந்த நீலம் எது என்று தங்கதுரைக்குத் தெரியும். முந்தின சித்திரையில் பட்டறைக் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. அன்று ஓடிய சாயம் டர்க்காய்ஸ் நீலம். பையர் பட்டறை பார்க்க வருகிறார் என்று வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் நன்னாரி சர்பத்தோடு வந்து நின்றிருந்தார் தங்கதுரை. தொட்டிக்குள் இறங்க வேட்டியை மடித்துக் கட்டிய பட்டறை ஆள் முனீஸ், "மொதலாளி, அதுல ஒரு வாய் குடுங்க, நாக்கு வறளுது" என்றான். "மொதல்ல எறங்கி அடைப்ப எடுத்துடு கண்ணு. ஏறி வந்து குடிச்சுக்கலாம்" என்றார் இவர். எங்கள் ஊரில் ஒருவனைக் குழிக்குள் இறக்கும்போதும் பிரியமாகத்தான் இறக்குவார்கள். இறங்கியவனைத் தொட்டிக்குள் இருந்த விஷக்காற்று மேலே விடவில்லை. தூக்கி வந்து கிடத்தியபோது உதடெல்லாம் நீலமாக இருந்தது. பேச வேண்டியவர்கள் பேசி முடித்தார்கள், தொட்டிமேல் சிலாப் போட்டார்கள், சாயம் மறுபடி ஓடியது. தான் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத் தங்கதுரை யாரிடமும் சொல்லவில்லை.

முனீஸின் மனைவி ரோஸ்மேரி ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவன் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிற வீட்டுப் பிள்ளை, அவள் சாத்தூர்ப் பக்கத்துச் சர்ச் உபதேசியார் மகள். இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டதால் பஸ் ஏறித் திருப்பூர் வந்தவர்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை; அவர்களுக்கு வீடு என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். கோடையில் லைன் வீடுகளில் தண்ணீரை ஆள் கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். முனீஸைப் புதைத்த வாரமே ரோஸ்மேரி வீட்டுக்கு ஒரு ஆள் என்று கணக்கு மாறி ஒரு குடம் குறைந்தது. அடக்கத்தன்று கல் மாதிரி நின்றவள் அந்தக் குடத்துக்குத்தான் அழுதாள்.

ஜன்னல் டம்ளர் 2004 கோடை முழுவதும் காலியானது. சாம்பிள் காலியான நாளெல்லாம் பையரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அதைக் கவனித்ததும் தங்கதுரைக்குப் பயம் தெளிந்துவிட்டது. பேயாக இருந்தாலும் ராசியான பேய் என்று நினைத்துக்கொண்டார். ஒரே ஒருநாள் சாம்பிளில் கொஞ்சம் ஜின் விட்டு வைத்தார்கள். டம்ளர் வைத்தபடியே இருந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்ததுபோல வெளிப்பக்கம் நீல விரல் தடம். தங்கதுரை வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பாண்டியம்மாள் ரோஸ்மேரியின் பக்கத்து அறைக்காரி. எவ்வளவு தேய்த்தாலும் போகாத நீலத்தைப் பற்றி அவள் சொன்னபோது ரோஸ்மேரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜின் கதை வந்ததும் எழுந்துவிட்டாள். "அவுகதான் அக்கா. குடிக்க மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கு என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுனாக. செத்தும் மீறல பாருங்க."

மறுநாளே ராயபுரத்துக்குப் போய்விட்டாள். புருஷன் தாகத்தோடு யார் வீட்டிலோ அலைகிறார், தன் வீட்டிலேயே அதைக் கலந்து வைத்தால் வந்துவிடுவார் இல்லையா என்று கேட்டாள். சுபஸ்ரீக்கு மறுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் நிறுத்திச் செய்து காட்டினாள். ரோஸ்மேரியும் கம்பெனி விட்டு வரும்போதே ஐஸ் வாங்கிவந்து, கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றித் துவைக்கிற கல்லில் அடித்து, புதினா கசக்கி, சோடா ஊற்றி வாசலைப் பார்த்து வைத்தாள். வைத்தது அப்படியே இருந்தது. எறும்புதான் வந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தவள் தங்கதுரையிடமே கேட்டாள்: "இங்க வாரவுக எங்கிட்ட ஏன் வரல? கடைசியா அவுககிட்ட என்ன சொன்னீக?"

தங்கதுரை தரையைப் பார்த்தபடி சொன்னார். சுபஸ்ரீ காதிலும் அது அன்றுதான் விழுந்தது. ரோஸ்மேரி திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. "வரச் சொன்ன வாய்தான் அனுப்பணும் மொதலாளி. அந்தத் தொட்டிகிட்ட நின்னு, ஏறி வா, உன் வீட்டுக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேற எதுவும் வேணாம்."

"ஆகட்டுங்க. இந்த ஆர்டர் கப்பல் ஏறிடட்டுங்க" என்றார் தங்கதுரை. அந்த ஆர்டர் கப்பல் ஏறியது, அடுத்தது வந்தது, ஜன்னல் டம்ளரும் காலியாகிக்கொண்டே இருந்தது. 2005 போயிற்று, 2006 போயிற்று. பட்டறைக்குப் புது மெஷின் வந்தது, வீட்டுக்கு மாடி வந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் ரோஸ்மேரி வந்து வீட்டுக் கேட் அருகே நின்றுவிட்டுப் போவாள். அவர் ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் முகத்தில் அடித்தாற்போல் பேச மாட்டோம்.

2007 சித்திரையில் சுபஸ்ரீ சாம்பிள் வைப்பதை நிறுத்தினாள். "ஏனுங்க, அந்தப் புள்ளையோட புருசனை நம்ம ஊட்டுல புடிச்சு வெச்சுட்டு ஆர்டர் வாங்கறமுங்க. இனி என்னால கலக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையிலிருந்து தங்கதுரை வாயருகே கொண்டுபோன தண்ணீர், உதட்டில் படுமுன் தீர்ந்துபோனது. செம்பின் விளிம்பில் நீலம். மோரும் காபியும் கோயில் தீர்த்தமும் அப்படியே தீர்ந்தன. காதர்பேட்டையில் ஒரு வியாபாரி கொடுத்த டீ நாலு பேர் பார்க்கக் காலியானது. அந்த நாலு பேரும் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸ் மட்டும் உள்ளே போயிற்று. நாக்கு தடித்துப் பேச்சு குழறிய பிறகுதான், முனீஸ் அன்று கேட்ட ஒரு வாய் எத்தனை பெரியது என்று தங்கதுரைக்குப் புரிந்தது.

உச்சி வெயிலில் ரோஸ்மேரியைக் கூட்டிவரச் சொல்லி, சுபஸ்ரீ கலந்து கொடுத்த பிளாஸ்கைத் தானே தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். சிலாப்பை நகர்த்தினார்கள். பட்டறை ஆட்கள் எல்லோரும் நிற்க, தொட்டி வாயருகே குனிந்தார். "முனீஸு, ஏறி வா கண்ணு. நாந்தான் உன்னைய எறக்குனேன், என்ற தப்பு. உன்ற ஊட்டுக்குப் போயிக் குடிச்சுக்கலாம்." குரல் பாதிதான் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிமென்ட் தரையில் ஈரமாக ஒரு நீலப் பாதம் விழுந்தது, அதற்கு முன்னால் இன்னொன்று. தடங்கள் பட்டறைக் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கின. ரோஸ்மேரி பின்னாலேயே போனாள், பிளாஸ்கோடு தங்கதுரை அவளுக்குப் பின்னால். துணி ஏற்றிவந்த டெம்போ ஒன்று நின்று வழிவிட்டது.

லைன் வீட்டு அறையில் தங்கதுரை தன் கையாலேயே டம்ளரில் ஊற்றினார். அது மடக்கு மடக்காகக் குறைந்தது. ரோஸ்மேரி பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாக் குடிங்க, புரையேறிரும்" என்றாள். அவனுக்காக அவள் அழுதது அப்போதுதான். பிளாஸ்கில் மிஞ்சியதை மூடியில் ஊற்றிக் குடித்தார் தங்கதுரை. அது தொண்டையில் இறங்கியது. அந்த வருட ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று.

அடுத்துத் தண்ணீர் விட்ட நாளில் லைன் வீட்டுச் சொந்தக்காரர் ரோஸ்மேரி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் நீலத் தடங்கள் காய்ந்திருந்தன. "ரெண்டு ஆளுங்க" என்று சொல்லி, நாலு வருடத்துக்கு முன்னால் குறைத்த குடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு குடத்துக்குக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற அந்த வரிசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.