மூன்றாவது தட்டு

கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே தோற்பதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும். சுகெங்கிடம் அது தாராளமாக இருந்தது. கரவாங் கால்வாயின் மதகுக் காவல் அறையில் மூன்று வருடமாக வேலை. சொந்த ஊர் சோலோவுக்குத் தெற்கே, மரியாதையைத் தாய்ப்பாலோடு ஊட்டி வளர்க்கிற கிராமம். அங்கே பெரியவர்களுக்குக் குறுக்கே நடப்பதானாலும் பேசுவதானாலும் முதலில் ஆயிரம் மன்னிப்பு கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு, இடுப்பை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டி, அப்புறம்தான் காரியம். தெருவுக்கு நல்ல பழக்கம்தான், சீட்டாட்டத்துக்குத்தான் ஆகவில்லை.

காசு வைத்து ஆடும் ஆட்டமில்லை அது. நோன்பு மாதத்தில் அப்படி ஏதாவது நடந்தால் மேலாளர் பாக் எந்திஸ், அதாவது எந்திஸ் ஐயா, எல்லாரையும் தூக்கிக் கால்வாயில் போட்டுவிடுவார். பழைய நீர்மட்டப் படிவங்களைக் கத்தரித்துத் தேத்தே யூயுன் செய்த சீட்டுகள். அறையின் கணக்கெல்லாம் பார்க்கும் நாற்பது வயதுக்காரி, எல்லாருக்கும் தேத்தே, அதாவது அக்கா. ஆளுக்கு மூன்று வீட்டுச் சீட்டு. ‘வெள்ளம்’ போட்டால் ஒரு வீடு போகும். ‘மதகு’ போட்டால் வெள்ளம் ரத்து. ‘உடைப்பு’ போட்டால் மதகு ரத்து. அந்த உடைப்பையும் இன்னொரு மதகு தடுக்கும். மூன்று வீடும் முதலில் யாருக்குப் போகிறதோ, அவர் பெருநாள் வாரம் முழுக்க மதகைக் காக்க வேண்டும். மற்ற இருவரும் ஊருக்குப் போகலாம். பாக் எந்திஸ் வீடு பத்து நிமிட நடை என்பதால் அவர் ஆட்டத்தில் இல்லை. நடுவர் அவர்தான்.

நடுவர் என்றால் சும்மா இல்லை. அரசாங்கச் சுற்றறிக்கை போல விதியை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு சீட்டு விழுந்ததும் அவர் விரல் முட்டியால் மேசையை மூன்று முறை தட்டுவார். ரத்து செய்கிறவர் மூன்றாவது தட்டுக்கு முன்னால் சீட்டை வைத்துவிட வேண்டும். ரத்துச் சீட்டு விழுந்தால் மறுபடி புதிதாக மூன்று தட்டு. மூன்றாவது விழுந்த பிறகு யார் அழுதாலும் நடந்தது நடந்ததுதான்.

இரண்டு வருடமாகச் சுகெங்தான் மதகைக் காத்தான். இரண்டு வருடமும் தோற்ற சமயத்தில் அவன் கையில் மதகுச் சீட்டு இருந்தது. பெருநாள் காலையில் அப்பா முழங்காலில் நெற்றி வைத்து மன்னிப்பு கேட்பது அவர்கள் குடும்பத்தில் தொழுகைக்கு அடுத்த கடமை. போன வருடம் அப்பா கைப்பேசியைத் தன் முழங்காலில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, இவன் இங்கே திரைக்கு முன்னால் குனிந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் கட்டம் மட்டும்தான். இந்த வருடம் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார், அந்த யந்திரத்தை இனி தன் காலருகே கொண்டுவரக் கூடாதென்று. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. சுகெங்குக்குச் சோறு இறங்கவில்லை, நோன்பு மாதமானதால் யாரும் கவனிக்கவில்லை.

நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது உட்கார்ந்தார்கள். எதிரே உடா ஷாப்ரில், பாடாங் ஊர்க்காரர். உடா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அவர் முதல் வெள்ளத்தைச் சுகெங்மேல் போட்டார். சுகெங் மதகை உருவிக்கொண்டு, “ஆயிரம் மன்னிப்பு கேட்டுக்கிறேன் உடா...” என்று குனிந்தான். நிமிர்வதற்குள் மூன்று தட்டும் விழுந்துவிட்டது. இரண்டாவது வெள்ளம் யூயுன் போட்டது. அக்கா என்பதால் இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தான், இன்னும் கொஞ்சம் தாமதமானது.

“மாஸ், நீ ஆயிரத்தையும் எண்ணி எண்ணிக் கேக்குறியா? ஐந்நூறு போதும்னு வச்சா ஒரு வீடாவது மிஞ்சுமே” என்றார் ஷாப்ரில், சுகெங் ஊர் வழக்கப்படி அவனை மாஸ் என்று மரியாதையாக அழைத்து.

யூயுன் சிரித்துக்கொண்டே சீட்டை அடுக்கினாள். அப்புறம் அவர்கள் இருவருக்குள் சண்டை மூண்டு, ஷாப்ரிலுக்கு இரண்டு வீடு போனது, யூயுனுக்கு ஒன்று. ஷாப்ரிலுக்கும் சுகெங்குக்கும் தலா ஒரு வீடு மிச்சம். அப்போதுதான் ஷாப்ரில் கையிலிருந்த வெள்ளத்தைச் சுகெங்கின் கடைசி வீட்டின்மேல் அமைதியாக வைத்தார். பாக் எந்திஸ் ஒரு தட்டு தட்டினார். சுகெங் வாயைத் திறந்தான். இரண்டாவது தட்டு விழுந்தது. மூன்றாவதுக்குக் கை மேலே போன நேரத்தில் பள்ளிவாசல் முரசு அதிர்ந்தது, பின்னாலேயே பாங்கு.

நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது. கை கீழே இறங்கித் தேநீர்க் கோப்பையைப் பிடித்தது. பேரீச்சம்பழம் சுற்றி வந்தது. தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் மிதக்கும் கோலாக்கை யூயுன் ஊற்றினாள். சுகெங் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு நேரம் கிடைத்திருந்தது. வயது வரிசைப்படி பாக் எந்திஸிடம் ஆயிரம், யூயுனிடம் ஆயிரம், ஷாப்ரிலிடம் ஆயிரம் கேட்டு முடித்து, ஆற அமர மதகை வைத்தான்.

ஷாப்ரில் வாயிலிருந்த பழத்தை அவசரமாக விழுங்கினார். முரசு அடித்ததே, அதுதான் மூன்றாவது தட்டு என்றார். அது அல்லாவுக்காக அடித்தது, உனக்காக இல்லை என்றார் பாக் எந்திஸ். உங்கள் கை கோப்பையில் பட்டு ‘டக்’கென்று சத்தம் வந்ததை நான் கேட்டேனே என்றார் ஷாப்ரில். பாக் எந்திஸ் எழுந்து போய்ச் சுவரில் இருந்ததை இன்னொருமுறை படித்துவிட்டு வந்தார்.

“விதியில மேசைன்னுதான் இருக்கு. கோப்பைன்னு எழுதல. மதகு செல்லும்.”

யூயுன் சுகெங் பக்கம் திரும்பினாள். “இன்னும் பத்து நாள்ல பெருநாள். ஊரே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்பு கேக்கப்போற நாள். நீ ஏன் தம்பி சில்லறையா முன்னாடியே கேட்டுட்டு நிக்கிற? வச்சுக்க, மொத்தமா அன்னிக்குக் கேளு.”

பாக் எந்திஸ் புதிய தட்டை ஆரம்பிப்பதற்குள் ஷாப்ரில் உடைப்பை வைத்துவிட்டார். வைத்த கையை எடுக்கக்கூட இல்லை. மதகு போயிற்று. இனி மூன்று தட்டு, முரசும் இல்லை, பாங்கும் இல்லை. சுகெங்கிடம் இன்னொரு மதகு இருந்தது.

ஒன்று. அவன் இடுப்பு தானாக வளைந்தது. “ஆயிர...” என்று நாக்கு புறப்பட்டது. இரண்டு. அப்பாவின் சாரத்துக் கட்டம் கண்ணில் நின்றது. சுகெங் வாயை மூடிக்கொண்டு மதகை ஓங்கி வைத்தான். அது ஷாப்ரிலின் விரல்கள்மேல் பளாரென்று விழுந்தது. மூன்று.

புதிதாக விழுந்த மூன்று தட்டுக்கும் ஷாப்ரிலிடம் வேறு உடைப்பு இல்லை. தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரின் கையில் அடித்துவிட்டோம் என்பது சுகெங்குக்கு அப்போதுதான் உறைத்தது; காது மடல் வரை சூடேறியது. அதைவிடக் கேவலம், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த முறை யூயுனுடையது. அவளுக்கு இந்த மாதிரி வேதனையெல்லாம் கிடையாது. ஷாப்ரிலின் கடைசி வீட்டின்மேல் வெள்ளத்தைப் போட்டுவிட்டுக் கோலாக்கில் கரண்டியை விட்டாள். மூன்று தட்டும் விழுந்தன. ஷாப்ரிலிடம் எதுவும் இல்லை.

தொழுகைக்குக் கைகால் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். ஷாப்ரில் குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமாக அங்கே நிற்கும்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பவர். சுகெங் பின்னால் போய் நின்று, கையைத் தாழ நீட்டி ஆரம்பித்தான். ஷாப்ரில் ஈரக்கையை உயர்த்தித் தடுத்தார்.

“இப்ப கேக்காத.”

“கை வலிக்குதா உடா?”

“அதெல்லாம் இல்ல. இப்பக் கேட்டா இப்பவே மன்னிக்கணும், அதோட முடிஞ்சிடும். பெருநாள் காலைல, உங்கப்பாகிட்ட கேட்டு முடிச்சதும் எனக்குப் போன் போடு. பாக் வீட்டுல விருந்தாளி இருப்பாங்க, அவரு வரமாட்டாரு. இங்க நானும் தண்ணியும்தான். அப்ப ஆயிரத்தையும் ஒண்ணு விடாம கேளு. அவசரமே இல்ல.”

மதகறையில் இரண்டு பெருநாள் காலைகளைத் தனியாக உட்கார்ந்து கழித்தவன் சுகெங். அவை எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்றான். ஷாப்ரில் குழாயை அவனுக்கு விட்டு நகர்ந்தார்.