துணைக்குப் போனவள்

"உங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்தா எல்லாம் நல்லாருக்குன்னுதாம்மா சொல்லுவாரு. நடக்கறத நீங்கதான் டாக்டருகிட்ட சொல்லணும். அவரு எழுதற ஊனச் சதவீதத்த வெச்சுத்தான் நஷ்டஈடு" என்று கோகிலவாணியிடம் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பூவரசனின் கைகள் கல்லுடைக்கும் கிரஷர் பெல்ட்டில் சிக்கியவை. பார்வைக்குப் பத்து விரலும் இருக்கின்றன. வலக்கை மடங்காது, இடக்கையில் பிடிமானம் இல்லை. எட்டு மாதமாகச் சோறூட்டுவதும் கழுவிவிடுவதும் அவள்தான்.

அப்படியும் அன்று காலை அவள் செய்த வேலையைப் பாருங்கள். பெரிய டாக்டர் முன்னால் பரதேசிக் கோலத்தில் நின்றால் மானக்கேடாம். புருஷனுக்குச் சவரம் செய்து, தலை வாரி, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டு மொரப்பூரில் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. பொறுமையாக விரல்களை மடக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சேவிங், சட்டை பட்டனெல்லாம் யாரு பண்ணிவுடறாங்க?"

பக்கத்தில் இரண்டு நர்ஸ் பெண்கள் நின்றிருந்தார்கள். பூவரசனுக்கு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நானேதாங்க. கொஞ்சம் நேரமாவும், அவ்ளோதான்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அவரேவா பண்ணிக்கிறாரு?"

இதற்காகத்தானே வந்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பூவரசன் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், அடுத்தவர் முன்னால் அவன் பேச்சை அவள் மறுத்ததே இல்லை.

"ஆமாங்க" என்றாள்.

டாக்டர் எழுதியதை வாசித்தும் காட்டினார். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், மனைவியும் உறுதி செய்தார். முப்பது சதவீதம். வக்கீல் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"கோகிலா, புழுங்குது. மேல் பட்டனக் கழட்டி வுடு."

சுற்றிலும் நூறு பேர் இருந்தார்கள். காலேஜ் பெண்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள்.

"அங்க மூணு பேருதான இருந்தாங்க. இங்க மட்டும் வெக்கமா இல்லீங்களா?"

அவன் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி மோவாயைத் தூக்கிக் கொடுத்தான்.