இரண்டு வாளிச் சாம்பல்

நாடு நகரமெல்லாம் ராஜாக்கள் கட்டியது என்பார்கள், நம்பாதீர்கள் கண்ணுகளா. ஆறு வளைகிற இடத்தில் ஒன்று, மலை வழிவிடுகிற இடத்தில் ஒன்று என்று மண்தான் ஊர்களைப் பெற்றுப் போடுகிறது. இந்தக் கதையில் வருகிற ஊரைப் பெற்றது ஒரு மேடு.

அந்த மேட்டில் ஒற்றை என்ஜினால் ஏற முடியாது. எந்த ரயிலும் அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்று, பின்னால் தள்ளிவிட இன்னொரு என்ஜினைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் முளைத்ததுதான் சாப்பாட்டுக் கடை, சலூன், லாட்ஜ், பள்ளிக்கூடம் எல்லாம். தள்ளுகிற என்ஜினுக்கு டிரைவர் கணவன். சாப்பாட்டுக் கடை மனைவியுடையது.

அவளுடைய தம்பி அன்று புது என்ஜின் ஓட்டி வருகிறான். தனியாகவே மேடேறுமாம். ஏறிவிட்டால் இனி எந்த ரயிலும் அங்கே நிற்காது.

"உன் தம்பி ஏறிட்டா நான் யாருக்கும்மா சவரம் பண்றது? அந்த மேட்டுக்கா?" என்றார் சலூன்காரர்.

அவள் அறுபது சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினாள். நின்றால் விற்குமே.

அப்போதுதான் கணவன் வந்து சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான். கறுப்பு போகவில்லை.

"கிரீஸ் டப்பா எங்கே?" என்று கேட்டாள் அவள்.

"வளைவுல தண்டவாளத்துக்குத் தடவிட்டேன். சக்கரம் வழுக்கும், வண்டி நிக்கும். அவ்வளவுதான்டி. ஊர் பிழைச்சுக்கும்."

"பின்னால சறுக்கினா?"

"பிரேக் இருக்குல்ல."

"அந்த பிரேக்கும் அதே தண்டவாளத்துலதானே பிடிக்கணும்? உள்ள இருக்கிறது உங்க மச்சான்!"

அவள் அடுப்புச் சாம்பலை இரண்டு வாளியில் அள்ளிக்கொண்டு ஓடினாள். வளைவில் மண்டியிட்டு, கோணிச் சாக்கால் துடைத்துத் துடைத்துச் சாம்பலைத் தூவினாள். பாதிகூட முடியவில்லை, தூரத்தில் ஹாரன் கேட்டது. பின்னால் காலடிச் சத்தம். கணவன் வாளியைப் பிடுங்கத்தான் வருகிறான் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தோளில் ஒரு மூட்டை. அவனுடைய என்ஜின் சக்கரம் வழுக்காமலிருக்கப் போடுகிற மணல்.

"சாம்பல் மட்டும் போதாது. நகரு," என்று அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்தான்.

ரயில் வந்தது. வளைவில் சக்கரம் ஒரு தடவை வெறுமனே சுழன்றது. பிறகு மணலைக் கடித்துக்கொண்டு ஏறியது.

"அக்கா! ஏறிட்டேன்க்கா!" ஜன்னலில் தம்பி கையாட்டினான். அவளும் ஆட்டினாள். கை முழுக்கச் சாம்பல்.

"பொட்டலம் அறுபதும் அப்படியே கிடக்கு," என்றாள், ரயில் மறைந்ததும்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடு."

பிள்ளைகள் அன்று வயிறாரச் சாப்பிட்டார்கள். அடுத்த பரீட்சை எழுத அங்கே பள்ளிக்கூடம் இல்லை.