கல்லில் ஒரு வரி இடம்

எங்கள் ஊரில் கல்லறைக் கற்களில் பெயர்களை யாரும் வெட்டுவதில்லை. உள்ளே இருப்பவரின் குடும்பம் வளர வளர, கல்லே எழுதிக்கொள்ளும். அக்காவுக்குக் குழந்தை பிறந்த அன்றே அப்பாவின் கல்லில் ‘பேத்தி செரபீனா’ என்று வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தோம். நல்ல பெயர்தான்.

கல்லில் பெயர் இல்லாதவர் ஏற்றும் மெழுகுவர்த்தி அந்தக் கல்லறையில் எரியாது. இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததே.

அப்பா போய் ஆறு வருடம் கழித்து அம்மா ரெமிஜியுஸ் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவுக்கு அவர் உறவில்லை, நாங்கள்தான் சித்தப்பா என்று கூப்பிடுகிறோம். அவருக்கு ஐஸ் ஆலையில் வேலை. சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். தேங்காய் நாரால் அப்பாவின் கல்லைத் தேய்த்துக்கொண்டே வீட்டு விஷயங்களைச் சொல்வார்.

“அண்ணே, பய கணக்குல தேறிட்டான். பேத்திக்குப் பல்லு ரெண்டு வந்திருக்கு.”

ஆனாலும் மூன்று கல்லறைத் திருநாளாக அவர் வைத்த மெழுகுவர்த்தி பிடிக்கவில்லை. ஒரு பெட்டித் தீக்குச்சியும் தீரும். பிறகு தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

“கல்லு நெறஞ்சு போச்சு. விரக்கடை இடமில்ல. இதுக்கு மேல அண்ணன் எங்கன எழுதும்?” என்பாள் அப்பாவின் தங்கை சலேத் அத்தை. அத்தையின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் ஒரு முழு வரி.

இந்த வருடம் கிளம்பும்போது சித்தப்பா அம்மாவிடம், “இன்னைக்கும் பிடிக்கலன்னா இனிமே நான் வரல. அவரத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்லா” என்றார். அம்மா அவர் சட்டைப் பையில் புதுத் தீப்பெட்டி ஒன்றை வைத்தாள்.

கல்லின் கடைசி வரியில் ‘தம்பி ரெமிஜியுஸ்’ என்று இருந்தது. மற்றவர்கள் ஒரு வரி மேலே ஏறியிருந்தார்கள். அப்பாவின் பிறந்த தேதி அப்படியே இருந்தது. அதன் கீழே இருந்த இறந்த தேதியை அப்பா எடுத்துவிட்டிருந்தார்.

முதல் குச்சியிலேயே பிடித்தது. சித்தப்பா சுடரைக் கையால் மறைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார்.

அத்தை கல்லை இரண்டு தடவை வாசித்தாள். “அண்ணன் எப்பமும் இப்பிடித்தான். தனக்குன்னு வச்சிருந்தத எடுத்துக் குடுத்துரும்” என்று மூக்கைச் சிந்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மீன் குழம்பில் ஒரு செம்பு தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா மின்விசிறிக்கு நேரான இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.