தலைகீழ் பிளேடு

அன்று கடையில் இருந்தவர்கள்:
மார்லிஸ், கடையில் பாதிக்குச் சொந்தக்காரி.
வெர்லின், மீதிப் பாதி. மார்லிஸின் அண்ணன். சாணை பிடிப்பவர்.
கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெரிய மனிதர்.
ஒரு கறுப்பு நாய்.
நான்.

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்துக்குப் பிறந்தது. கௌரவமான பிறப்பு இல்லை, தெரியும். முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிரெய்னர்டில் ஜனவரி வந்துவிட்டால் ஏரிகள் வெள்ளைத் தாளைப் போல—"

வேண்டாம். ஏரியைப் பார்த்ததும் தாள் நினைவுக்கு வருவது எழுதுகிறவனுக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் மீன்தான்.

நேராகச் சொல்கிறேன். பிரெய்னர்ட் வடக்கே, குளிர்காலத்தில் ஏரிகள் உறையும் ஊர். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கத் துளை போட ஆகர் என்றொரு கருவி உண்டு. அதன் பிளேடுகளைத் தீட்டித் தரும் கடை இது. போன குளிர்காலத்தில் இணைய விளம்பரம் போட்டார்கள். அது கண்ட கண்ட தளங்களில் எல்லாம் வந்தது. ஃப்ளோரிடாவில் நிறையப் பேர் கிளிக் செய்தார்கள். அங்கே ஏரி உறைவதே இல்லை.

இந்த வருஷம் வேலை என்னிடம் வந்தது. (கல்லூரியைப் பாதியில் விட்டேன். காகித ஆலையின் இரவு ஷிஃப்டையும் பாதியில் விட்டேன். இந்தக் கதையை விடமாட்டேன்.) நான் ஒரே ஒரு தளத்தைப் பிடித்தேன். எந்த ஏரியில் பனி எத்தனை அங்குலம் என்று தினமும் சொல்லும் தளம். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பனியில் கால் வைக்குமுன் இந்த வட்டாரமே அதைத்தான் பார்க்கும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

2

"கிளிக் பண்ணாட்டியும் காசா?" என்றார் வெர்லின்.

"ஆமாங்க. ஆயிரம் தடவை காட்டினா இவ்வளவுன்னு."

"அப்போ வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறவனுக்கெல்லாம் நான் படியளக்கணும். அப்படித்தானே, காலேஜ்?"

காலேஜ் என்பது நான்தான்.

வெர்லினை முதல் வரைவில் வில்லனாக எழுதியிருந்தேன். சரியாக வரவில்லை. பிளேடின் விளிம்பை நகத்தில் உரசிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி கல்லுக்குக் கொண்டுபோகிற மனிதர் வில்லனாக மாட்டார். அவர் களைத்திருந்தார், அவ்வளவுதான். வாடிக்கை குறைந்துவிட்டது, இந்தக் குளிர்காலத்தோடு கடையை விற்றுவிடலாம் என்றார். மார்லிஸ் கூடாது என்றாள். அவளுக்குக் கடையைத் தவிர வேறொன்றும் இல்லை. (உருக்கமான வாக்கியம். உண்மை என்பதால் இருக்கட்டும்.)

கடைசியில் வெர்லின் ஒரு கெடு வைத்தார். விளம்பரத்தைப் பார்த்து வந்த ஒரே ஓர் ஆளை வெள்ளிக்கிழமை கடை சாத்துவதற்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்பனைதான்.

பார்த்து வருகிறவர்களைக் கண்டுபிடிக்க விளம்பரத்தில் ஏற்கெனவே ஒரு பொறி வைத்திருந்தேன்: கல்லாவில் வந்து "மீன் கோபமா இருக்கு" என்று சொன்னால் காபி இலவசம். யாரும் சொல்லவில்லை. கிளிக் மொத்தம் மூன்று*.

* நான், மார்லிஸ், வெர்லின். வெர்லின் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

3

வெள்ளிக்கிழமை.

கம்பளிக் குல்லாக்காரர் வந்தார். பிளேடுகளைத் தீட்டக் கொடுத்தார். வானிலையைப் பற்றி மார்லிஸிடம் பேசினார். காபியைக் காசு கொடுத்தே வாங்கிக் குடித்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து தூண்டில் முள்ளைப் பார்த்தார். மறுபடி வாசலுக்குப் போனார். மறுபடி திரும்பி வந்தார்.

"தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லலாமா? பெரிசா ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க," என்றாள் மார்லிஸ்.

"பனி ரிப்போர்ட்டுல உங்க விளம்பரம் வருதில்ல, நல்ல விளம்பரம். படமும் நல்லாத்தான் இருக்கு. பிளேடு மட்டும் தலைகீழா மாட்டியிருக்கு. எனக்கென்ன, புதுசா வாங்கினவன் எவனாவது பாத்து அப்படியே மாட்டிடப் போறான்."

படம் நான் எடுத்தது. அதற்குமுன் ஆகரைக் கையால் தொட்டதில்லை. நான் கல்லாவைத் தாண்டிக் குதித்தேன்.

"எங்க பாத்தீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

அவர் இரண்டடி பின்வாங்கினார். "மன்னிச்சிருங்க, நான் கெளம்பறேன்," என்று போயே விட்டார்.

4

"நேத்து ரெண்டு பேரு இதையேதான் சொன்னாங்க," என்றாள் மார்லிஸ் மெதுவாக. "குறை சொல்றாங்கன்னு நெனச்சு நான் வெளிய சொல்லல."

"சர்ச்சுல என்கிட்டயே கேட்டாங்க," என்றார் வெர்லின். முகம் சிவந்திருந்தது. "கண்ணு போயிடுச்சா வெர்லின்னு."

"அண்ணா, அவங்கல்லாம் விளம்பரம் பாத்தவங்க! நம்ம ஊர்க்காரன் வாயத் தெறந்து ஓசிக் காபி கேப்பானா? செத்தாலும் கேக்கமாட்டான். ஆனா பிளேடு தலைகீழா இருந்தா சொல்லாம அவனுக்குச் சோறு எறங்காது!"

நான் கல்லாமீது தாளம் போட்டேன். கிளிக் எண்ணிக்கை வெறும் குப்பை. நாங்கள் எண்ண வேண்டியிருந்தது திருத்த வந்தவர்களை.

வெர்லின் ஒரு பிளேடை எடுத்து நகத்தில் உரசிப் பார்த்தார். "சரி. வேலை செய்யுது. விக்க வேண்டாம். படத்த இப்பவே மாத்து."

"மாத்தினா யாரும் வாயத் தெறக்கமாட்டாங்க," என்றேன். "அடுத்த மாசம் நீங்களே ஆளக் காட்டுன்னு கேப்பீங்க."

"ஏய் காலேஜ். முப்பது வருஷமா சாணை பிடிக்கறேன். விளம்பரத்துல என் பேருக்கு மேல தலைகீழா ஒரு பிளேடு நிக்குது. அது இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

5

முடிவு ஒன்று: படத்தை மாற்றுகிறேன். திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள், தலையாட்டுகிறார்கள், போகிறார்கள். எதைப் பார்த்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரி—

முடிவு இரண்டு: படம் இருக்கிறது. திருத்த வரிசையில் நிற்கிறார்கள். வெர்லின் போய்விட்டார், தீட்ட ஆள் இல்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வருகின்றன, அதுதான் சிக்கல். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையையும் ஒரே ஓர் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக முதல் பட்டியலில் ஒரு தப்பை விட்டு வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள்.

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வெர்லின் கோட்டை மாட்டினார். என் விரல் 'மாற்று' பொத்தானின் மேல் இருந்தது. வெர்லின் குல்லாக்காரர் விட்டுப்போன பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். மார்லிஸ் அதைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.